தெல்லிப்பழையின் கொம்பு இடம் மாறாமல் இருக்க: மேட்பிளொட்லிப் வரைபுகளில் தமிழ்ப் பெயர் போடுவது எப்படி?

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள். கிணற்று நீரில் எவ்வளவு நைத்திரேற்று இருக்கிறது என்று பிரிவுவாரியாகக் காட்டும் சலாகை வரைபு ஒன்று வேண்டும். சலாகைக்குப் பக்கத்தில் பிரிவின் பெயர், முனையில் எண், நடுவே ஓர் எல்லைக்கோடு. இவ்வளவுதான் எனக்குத் தந்த வேலை. ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு நாள் போனது. கலர் பிரிண்ட் எடுத்த தாள்கள் இரண்டு தரம் குப்பைக்குப் போயின.

நான் விட்ட பிழை சின்னது. பைதனில் வரைபு வரையும் தொகுதியான மேட்பிளொட்லிப்பில் தமிழ் எழுத்து வருகிறதா என்று பார்க்க, தலைப்பில் "யாழ்ப்பாணம்" என்று மட்டும் அடித்துப் பார்த்தேன். அழகாக வந்தது. மிச்சப் பெயர்களை அந்த நம்பிக்கையிலேயே போட்டு, அறிக்கையை முடித்து, பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணை முதல் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தெல்லிப்பழைக்குக் கொம்பு பின்னால நிக்குது. இப்பிடியே அடிக்கவோ?"

நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பைதனில் கொஞ்சம் எழுதத் தெரியும், ஒரு வரைபாவது வரைந்து பார்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள், அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடும் போடுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தரவுக் கோப்பு ஒன்று. பெயர்ப் பட்டியல் ஒன்று. எழுத்துருக் கோப்பு ஒன்று. அறிக்கை எந்தத் தாளில், எவ்வளவு ஓரம் விட்டு அச்சாகும் என்ற விவரம்.

பெயர்ப் பட்டியலை இலேசாக நினைக்காதீர்கள். ஒரே பிரிவு ஒரு படிவத்தில் "வலிகாமம் வடக்கு" என்றும் இன்னொன்றில் "தெல்லிப்பழை" என்றும் இருக்கும். மூன்றாவது ஆள் "தெல்லிப்பளை" என்று அடித்திருப்பார். வேலணைக்குத் தீவகம் தெற்கு, சாவகச்சேரிக்குத் தென்மராட்சி, ஊர்காவற்துறையை "ஊர்காவற்றுறை" என்று எழுதுபவர்களும் உண்டு. அறிக்கையை ஏற்கப்போகிறவர் எந்தப் பெயரை, எந்த எழுத்துக்கூட்டலில் பாவிக்கிறார் என்று முதலே கேட்டு, 15 பெயரையும் ஒரு தாளில் எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எனக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டியது. கேட்காததால் ஒரு முழுப் பின்னேரம் பெயர் திருத்தப் போனது.

செலவு என்று பார்த்தால் மென்பொருள் எதற்கும் காசில்லை. பைதன், மேட்பிளொட்லிப், பிறகு வரப்போகும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் எல்லாமே இலவசம். காசு போகும் இடம் இரண்டுதான்: இணைய டேட்டா, கலர் பிரிண்ட். இங்க்ஸ்கேப் இறக்க நூறு எம்பி அளவில் போகும், எழுத்துருவுக்கு மிகக் கொஞ்சம்தான்.

நேரத்தைப் பொறுத்தவரை, தரவு சுத்தமாக இருந்தால் அரை நாள் போதும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பாமினியை முதலில் வெளியேற்றுங்கள்

எங்கள் பக்கத்து அலுவலகங்களில் பழைய எக்செல் கோப்பு என்றால் பாதிக்குப் பாதி பாமினிதான். திரையில் தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. ஒரு கலத்தைத் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். பெயர் ஆங்கில எழுத்தும் இடையிடையே அரைப்புள்ளியுமாகச் சிதறினால் அது பாமினி. அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி.

யுனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. பெயர் நிரலை மட்டும் கொப்பி பண்ணி மாற்றுங்கள். முழுத் தாளையும் போட்டால், ஆங்கிலத்தில் இருந்த குறிப்புகளும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மாற்றியபின் 15 பெயரையும் ஒப்புதல் பட்டியலோடு கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேமிக்கும்போது எக்செல் தரும் சிஎஸ்வி வகைகளில் "யுடிஎஃப்-8" என்று இருப்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். வெறும் சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். கோப்பை மூடிய பிறகு அதை மீட்க வழியில்லை. அந்தக் கோப்பைப் பைதனின் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் வெறும் "யுடிஎஃப்-8" என்று கொடுத்துப் படித்தால், முதல் நிரலின் பெயருக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும். அதே இடத்தில் "யுடிஎஃப்-8-சிக்" என்று கொடுத்தால் அது போய்விடும்.

இன்னொரு பொறி. "கோப்பாய்" என்ற சொல்லில் உள்ள "கோ"வை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது முன்னால் கொம்பும் பின்னால் அரவுமாக ("கா"வில் வரும் கால்) தனித்தனியே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பைதனுக்கு வேறு வேறு சொல். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது கோப்பாய் மட்டும் காணாமல் போனால் காரணம் இதுதான். யுனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நோர்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. பெயர்கள் எல்லாவற்றையும் "என்எஃப்சி" (மூன்றும் பெரிய எழுத்து) வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் இணையுங்கள்.

3. எழுத்துரு: இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்

மேட்பிளொட்லிப் இயல்பாகப் பாவிப்பது டெஜாவு சான்ஸ் என்ற எழுத்துரு. அதில் தமிழ் இல்லை. எழுத்துக்குப் பதில் சதுரப் பெட்டிகள் வரும், கீழே எச்சரிக்கையும் வரும்: எண் 2990 உள்ள உருவம் எழுத்துருவில் இல்லை என்று. 2990 என்பது "ம". எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், எழுத்துரு மட்டும்தான் பிரச்சினை.

நான் பாவிப்பது நோட்டோ சான்ஸ் தமிழ். கூகுள் எழுத்துருத் தளத்தில் இறக்கினால் ஒரு சுருக்கக் கோப்பு வரும். அதற்குள் பருமன் மாறும் வகைக் கோப்பு ஒன்றும் "ஸ்டாட்டிக்" என்ற கோப்புறையும் இருக்கும். ஸ்டாட்டிக் உள்ளே இருக்கும் "ரெகுலர்", "போல்ட்" இரண்டையும் எடுங்கள். மாறும் வகைக் கோப்பை மேட்பிளொட்லிப்பிடம் கொடுத்தால் போல்ட் என்று கேட்டாலும் ஒரே பருமன்தான் கிடைக்கும். கூடவே வரும் உரிமத் தாளை அழித்துவிடாதீர்கள். இது திறந்த உரிமம் உள்ள எழுத்துரு; அறிக்கையோடு எழுத்துருவையும் யாருக்காவது கொடுப்பதென்றால் உரிமமும் சேர்ந்து போக வேண்டும்.

முதலில் கணினியில் நிறுவுங்கள். பிறகு நிரலிலும் சொல்லுங்கள்: ஃபொன்ட்_மேனேஜர் தொகுதியில் ஃபொன்ட்மேனேஜர் என்ற பொருளுக்குள் (அடிக்கோடு இல்லை, மேனேஜரின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) இருக்கும் ஆட்ஃபொன்ட் என்ற கட்டளைக்குக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். கணினியில் நிறுவிய பிறகும் "அந்த எழுத்துரு இல்லை" என்று மேட்பிளொட்லிப் அடம்பிடிக்கும். தன் பழைய எழுத்துருப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு அதையே பார்ப்பதுதான் காரணம். ஆட்ஃபொன்ட் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுத்துருக் குடும்பத்துக்கு ஒரு பெயரை மட்டும் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள்: முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து டெஜாவு சான்ஸ். ஒன்றில் இல்லாத குறியை மற்றதில் எடுத்துக்கொள்ளும். 3.6ஆம் பதிப்பிலிருந்துதான் இது வேலைசெய்யும். பழைய பதிப்பு என்றால் புதுப்பித்துவிடுங்கள்.

4. தெல்லிப்பழையை வைத்துச் சோதியுங்கள்

இந்தப் படிதான் என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டியது.

தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. "தெ" என்பதில் முதலில் சேமிக்கப்படுவது "த", அப்புறம் கொம்பு. வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய எழுத்தமைப்பு இயந்திரம் ஒன்று தேவை. உலாவியிலும் வேர்டிலும் அது இருக்கிறது. மேட்பிளொட்லிப்பின் பல பதிப்புகள் அது இல்லாமல், சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கின்றன. அதனால் கொம்பு பின்னால் போய் நிற்கும். "டு", "லூ" போன்ற எழுத்துகளில் உகர, ஊகாரக் குறிகள் உடலோடு சேராமல் தனியே தொங்கும்.

யாழ்ப்பாணம் என்ற சொல்லில் கொம்பும் இல்லை, உகரமும் இல்லை. அரவு எப்படியும் வலப்பக்கம்தான். ஆகவே எழுத்தமைப்பு இல்லாமலேயே அது கிட்டத்தட்ட சரியாக வந்துவிடுகிறது. மாவட்டத்தின் பெயரே ஆளை ஏமாற்றும் என்று நான் எங்கே கண்டேன்!

ஆகவே சோதனைக்கு இந்த நாலு பெயரை எடுங்கள்: தெல்லிப்பழை, நெடுந்தீவு, கோப்பாய், நல்லூர். நாலும் சரியாக வந்தால் உங்கள் பதிப்பில் பிரச்சினை இல்லை, அடுத்த படியைத் தாண்டிப் போங்கள். ஒன்று பிழைத்தாலும் தாண்டாதீர்கள்.

5. எழுத்தைச் சரிசெய்யும் வழி

பிடிஎஃப் ஆகச் சேமித்தால் சரிவரும் என்று ஒருவர் சொன்னார். வராது. படமாகச் சேமித்தாலும் பிடிஎஃப் ஆனாலும், எழுத்தை அடுக்குவது அதே மேட்பிளொட்லிப்தான். கொம்பைக் கையால் முன்னுக்கு மாற்றி அடிக்கும் தந்திரமும் வேண்டாம். உகரம் அப்படியேதான் உடைந்திருக்கும், பெயர்ப் பட்டியலும் கெட்டுப்போகும்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். பாமினி எழுத்துருவையே மேட்பிளொட்லிப்புக்குக் கொடுத்தால் தமிழ் சரியாக வரும். அதில் கொம்பைப் பார்வை வரிசையிலேயே அடிக்கிறோம் அல்லவா. அவசரத்தில் எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் வரைபில் உண்மையான அரைப்புள்ளி ஒன்று போடவேண்டி வந்தால் அது மெய்யெழுத்துப் புள்ளியாகிவிடும். ஆங்கிலக் குறிப்பு ஒன்றும் போட முடியாது. விட்டுவிட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது எஸ்விஜி வழி. எஸ்விஜி என்பது படத்தைக் கோடுகளும் எழுத்துமாகவே சேமிக்கக்கூடிய கோப்பு வகை. மேட்பிளொட்லிப்பின் ஆர்சிபாரம்ஸ் (பாரம்ஸின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) அமைப்பில் "எஸ்விஜி.ஃபொன்ட்டைப்" என்ற இடத்துக்கு "நன்" என்று கொடுங்கள். பிறகு வரைபை எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். இப்போது எழுத்து உருவமாக வரையப்படாமல் எழுத்தாகவே கோப்புக்குள் போகிறது. அந்தக் கோப்பைக் குரோமில் திறந்து பாருங்கள். உலாவி தன் எழுத்தமைப்பு இயந்திரத்தால் அடுக்கித் தரும், தெல்லிப்பழை தெல்லிப்பழையாக இருக்கும். "நன்" கொடுக்க மறந்தால் இயல்பில் எழுத்துகள் கோட்டுருவங்களாகிவிடும், அதே பிழையோடு.

அடுத்தது இங்க்ஸ்கேப். எஸ்விஜியை அதில் திறந்து, எல்லாவற்றையும் தெரிவுசெய்து, "பாத்" மெனுவில் "ஆப்ஜெக்ட் டு பாத்" கொடுங்கள். சரியாக அடுக்கிய எழுத்துகள் கோட்டுருவங்களாக உறைந்துவிடும். எந்தக் கணினியில் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி மாறாது. பிடிஎஃப் ஆகவோ, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்துப் படமாகவோ எடுத்துக்கொள்ளுங்கள். உறையவைக்குமுன் மூலக் கோப்பை வேறு பெயரில் வைத்திருங்கள். உறைந்த பிறகு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இது எனக்கு நடந்தது.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளப்பது மேட்பிளொட்லிப், உண்மையில் வரைவது வேறு ஒன்று. இரண்டு அளவும் ஒத்துப்போகாது. ஓரத்தில் பெயர் வெட்டுப்படலாம். சேவ்ஃபிக் கட்டளையில் பிபாக்ஸ்_இன்ச்சஸ் "டைட்" என்றும் பாட்_இன்ச்சஸ் 0.2 என்றும் கொடுத்து, ஓரத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன. லினக்ஸ்காரர் என்றால் எம்பிஎல்கெய்ரோ என்ற மாற்று வரைபொறியோடு ராக்ம் நூலகத்தையும் நிறுவினால் நேரடியாகவே சரியாக வரும். லேடெக் என்ற அச்சமைப்பு மென்பொருளை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சீலேடெக் மூலம் எடுக்கலாம், ஆனால் இதற்காக மட்டும் பல ஜிபி இறக்குவது டேட்டாவுக்குக் கேடு. இணையப் பக்கத்துக்கு மட்டும்தான் வரைபு என்றால் பிளொட்லி என்ற வேறொரு தொகுதி போதும், அது உலாவிக்குள்ளேயே வரைகிறது.

6. அளவை முதலில் தீருங்கள்

ஏ4 தாளில் இருபக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விட்டால் மிஞ்சும் அகலம் ஏறக்குறைய 6.3 அங்குலம். ஃபிக்சைஸ் அளவை அதே 6.3 என்று கொடுங்கள். 12 அங்குலத்தில் வரைந்து வேர்டில் பாதியாகச் சுருக்கினால், நீங்கள் போட்ட 10 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிவிடும். ஆங்கிலத்தை அந்த அளவில் ஒருவாறு வாசிக்கலாம். "ணை", "ழை" எல்லாம் கறுப்புப் பொட்டாகிவிடும். தமிழுக்கு 9 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள்.

7. சலாகைக்குப் பெயரும் எண்ணும்

நிமிர்ந்த சலாகை வேண்டாம், படுத்த சலாகை போடுங்கள். கட்டளை பார்எச். நிமிர்ந்த சலாகையில் "பருத்தித்துறை", "ஊர்காவற்துறை" எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். உடனே 90 பாகை திருப்பத் தோன்றும். கழுத்தைச் சாய்த்து வாசிக்க வேண்டிய வரைபை யாரும் வாசிக்க மாட்டார்கள். பார்எச் கீழிருந்து மேலே அடுக்கும் என்பதால், பட்டியலின் முதல் பெயர் மேலே வர இன்வர்ட்_வைஆக்சிஸ் கொடுங்கள்.

எண் போட பார்_லேபிள் என்ற கட்டளை இருக்கிறது, 3.4ஆம் பதிப்பில் வந்தது. பார்எச் திருப்பித் தரும் பொருளை ஒரு மாறியில் வைத்து, அதை இதற்குக் கொடுத்தால் எல்லாச் சலாகை முனையிலும் எண் விழும். பாடிங் 3 வைத்தால் முனையை ஒட்டாமல் நிற்கும். மிக நீண்ட சலாகையின் எண் சட்டத்துக்கு வெளியே போகும், அதற்கு மார்ஜின்ஸ் கட்டளையில் கிடை அச்சுக்கு 0.1 கொடுங்கள். பழைய எடுத்துக்காட்டுகளில் ஒவ்வொரு சலாகைக்கும் டெக்ஸ்ட் கட்டளையைச் சுழற்சியில் போட்டிருப்பார்கள். இப்போது அது தேவையில்லை.

எண்களைப் பெறுமதிப்படி வரிசைப்படுத்த நினைத்தால் கவனம். எண் பட்டியலை மட்டும் வரிசைப்படுத்தி, பெயர்ப் பட்டியலை மறந்துவிட்டால், கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. ஓர் ஊரின் எண் இன்னோர் ஊரின் சலாகையில் அழகாக உட்கார்ந்திருக்கும். கிணற்று நீர் விஷயத்தில் இது சும்மா பிழை இல்லை, ஊர்ச்சனம் தண்ணீர் குடிக்கப் பயப்படும். பெயரும் எண்ணும் ஒரே அட்டவணையில் இருக்க, அந்த அட்டவணையைப் பாண்டாஸ் என்ற அட்டவணைத் தொகுதியில் வரிசைப்படுத்திவிட்டு வரையுங்கள். வரைந்தபின் ஏதாவது மூன்று பிரிவுகளை மூலத் தாளோடு ஒப்பிடுங்கள்.

பெயர் நீளம் என்று வெட்டவும் வேண்டாம். "தெல்லிப்பழை" நமக்கு ஆறு எழுத்து, பைதன் எண்ணினால் 11. முதல் மூன்றை வெட்டி எடுத்தால் வருவது "தெல", புள்ளி போய்விடும்.

8. எல்லைக்கோடும் குறிப்பும்

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த இடத்தில் ஆக்ஸ்விலைன் கட்டளையால் ஒரு கோடு. கோட்டின் பெயரை விளக்கப் பெட்டிக்குள் தள்ளாமல் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். டெக்ஸ்ட் கட்டளையில் டிரான்ஸ்ஃபோம் என்ற இடத்தில் கெட்_எக்ஸ்ஆக்சிஸ்_டிரான்ஸ்ஃபோம் கொடுத்தால், கிடைப்பக்கம் தரவின் அளவிலும் நிலைப்பக்கம் சட்டத்தின் விகிதத்திலும் இடம் குறிக்கலாம். 50, 1.02 என்று கொடுங்கள்: சட்டத்துக்குச் சற்று மேலே, கோட்டின் தலையில் நிற்கும். சலாகைகள் கூடினாலும் குறைந்தாலும் நகராது.

அச்சின் பெயரில் அலகை முழுதாக எழுதுங்கள். சில ஆய்வுகூட அறிக்கைகள் நைத்திரேற்றாகத் தரும், சில அதிலுள்ள நைதரசனாக மட்டும் தரும். நைத்திரேற்றாக 50 என்பது நைதரசனாக ஏறத்தாழ 11. நைதரசன் எண்களைப் போட்டு 50இல் கோடு கிழித்தால், மோசமான கிணறும் நல்ல கிணறாகத் தெரியும். ஆய்வுகூடத் தாளைக் கையில் எடுத்து அலகைப் பார்த்துவிட்டே இந்தப் படிக்கு வாருங்கள்.

குறிப்பிட்ட ஒரு சலாகையைச் சுட்டிக்காட்ட அனோடேட். எக்ஸ்வை என்பது அம்பு தொடும் இடம், எக்ஸ்வைடெக்ஸ்ட் என்பது எழுத்து நிற்கும் இடம். ஒரு வரைபுக்கு ஓர் அம்புக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

9. புள்ளி வரைபு என்றால்

கிணற்றின் ஆழமும் நைத்திரேற்றும் என்று புள்ளி வரைபு போட்டால் 15 பெயரும் ஒன்றோடொன்று முட்டும். அட்ஜஸ்ட்டெக்ஸ்ட் என்ற சிறு தொகுதி பெயர்களைத் தானே விலக்கித் தரும். ஆனால் எஸ்விஜி வழியில் அதன் அளவும் கொஞ்சம் பிசகும். நான் அறிக்கையில் பேசப்படும் நாலைந்து பிரிவுகளுக்கு மட்டும் பெயர் போட்டேன். அனோடேட்டில் டெக்ஸ்ட்கோர்ட்ஸ் "ஒஃப்செட் பொயின்ட்ஸ்" என்று கொடுத்து, ஒவ்வொன்றையும் கையால் தள்ளிவைத்தேன்.

10. பிரிண்ட் கடைக்குப் போகுமுன்

பென்டிரைவில் வேர்ட் கோப்பைக் கொண்டுபோகாதீர்கள், பிடிஎஃப் கொண்டுபோங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. முதலில் ஒரே ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். எழுத்து வாசிக்க முடிகிறதா, இளநிறச் சலாகையில் வெள்ளை எண் மறைகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கொம்புள்ள பெயர்களைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். பிறகு கலர்.

சமர்ப்பிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போங்கள். மாதக் கடைசி என்றால் இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள், கடையில் எல்லாருடைய அறிக்கையும் அப்போதுதான் வரும். நான் மூன்றாம் தரம் போனபோது அண்ணை தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொம்பு சரி. மருதங்கேணியில 'ம'வைக் காணேல்ல" என்றார். ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. அன்றுதான் பாட்_இன்ச்சஸ் 0.2 ஆனது.